பத்தாம் நம்பர் மூஞ்சி

விருதுநகர் பஜாரில் பிறந்த பிள்ளைக்குப் பல் முளைப்பதற்கு முன்னால் பேரம் முளைத்துவிடும். பர்வீனுக்கு அப்படித்தான் முளைத்தது. அவளுடைய அத்தா முகம்மது யூசுப் உளுந்தும் பாசிப்பயறும் கமிஷனுக்கு வாங்கி விற்பவர். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி இழுத்து, உள்ளங்கையில் விழுகிற நாலு பயறைப் பார்த்தே அடியில் வண்டு கிடக்கிறதா, மண் கிடக்கிறதா, பொய் கிடக்கிறதா என்று சொல்லிவிடுவார். "சொல்ற விலை வெறும் காத்து. முடியிற விலைதாம்மா சரக்கு" என்பது அந்த வீட்டில் சோற்றோடு பிசைந்து ஊட்டிய பாடம்.

அந்தப் பாடத்தை மகள் கடைக் கல்லாவில் உட்கார்ந்து காட்டியிருந்தால் யாருக்கும் சேதாரம் இல்லை. நர்ஸ் வேலைக்குப் போய்க் காட்டினாள். எம். புதுப்பட்டி மாடத்தியின் உயிரை ஒரே ஒரு எண் குறைத்து எழுதியது அப்படித்தான்.

பர்வீன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னால் ஊருக்கே தெரியும், அதனால் பேர் வேண்டாம். மூன்று மாடி, முப்பது கட்டில், வாசலில் ஒரு இளநீர் வண்டி. முதல் மாடி முழுக்கப் பெண்கள் வார்டு. கர்ப்பப்பை எடுத்தவர்கள், கட்டி எடுத்தவர்கள், குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள் என்று எல்லாரும் அங்கேதான். ஒன்பது வருடமாக அந்த வார்டில் இருந்தாள். எந்தக் கட்டிலின் சக்கரம் எப்போது கிறீச்சிடும் என்பது வரை அத்துப்படி.

டாக்டர் பிரீத்திகா வந்தபிறகுதான் அட்டை வந்தது. மதுரையில் படித்த பெண். கத்தி பிடிக்கிற கையில் நடுக்கம் கிடையாது, நாக்கிலும் கிடையாது.

"காய்ச்சலை அளக்கிறோம், பிரஷரை அளக்கிறோம், மூத்திரத்தைக்கூட மில்லிக் கணக்கில் அளக்கிறோம். வயித்தைக் கிழிச்சுத் தைச்சுட்டு, வலியை மட்டும் 'பொறுத்துக்கோம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிடுறோம். இனிமே அதையும் அளக்கணும்" என்றார்.

அளக்கிற கோல்தான் அந்த அட்டை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு மூஞ்சி. பூஜ்யம் சிரிக்கும், ஐந்து உம்மென்று இருக்கும், பத்து கண்ணீர் விட்டு அழும். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மணி, நாலாம் மணி, ஆறாம் மணி, பிறகு மறுநாள் என்று கேட்டுத் தாளில் எழுத வேண்டும். மூன்று வரை என்றால் மாத்திரை போதும். நாலைத் தொட்டால் டாக்டர் நேரில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏழுக்கு மேல் ஊசி. நூறு பெண்களின் தாள் சேர்ந்ததும் அதைக் கட்டுரையாக எழுதி மாநாட்டில் வாசிக்கப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

கோல் வந்ததே தவிர, அளவு வரவில்லை. நம்முடைய பெண்களிடம் "வலி எத்தனை?" என்று கேட்டால் எண்ணா சொல்வார்கள்? ஆமத்தூர்க்காரி ஒருத்தி, "நல்லாத்தேன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இன்னொருத்தி அட்டையை வாங்கி ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்துவிட்டு, "இந்த ஏழாவது மூஞ்சி எங்க மாமியாளேதான்" என்று பக்கத்துக் கட்டிலுக்குக் காட்டினாள். காரியாபட்டியில் கறிக்கடை வைத்திருந்த அம்மாள், "பதினஞ்சு" என்றாள்.

"பத்துக்கு மேல கம்பெனியில தயாரிக்கிறதில்லம்மா" என்றாள் பர்வீன்.

"அப்ப பத்து."

"எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிக்கிறீக. பத்துன்னா குடிக்க முடியுமா? ஆறு போட்டுக்கிறேன்."

"ஆறா! ஒனக்குக் கண்ணு இருக்கா? எட்டுக்குக் கம்மியா ஆகாது."

"ஏழு. கடைசிப் பேச்சு."

"சரி, போ. மொத போணியா இருக்க, ஏழு."

வார்டே சிரித்தது. கறிக்கடை அம்மாளும் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குப் பர்வீனுக்கு வழி பிடிபட்டுவிட்டது. மற்ற நர்ஸ்களின் தாள்களில் பாதிக் கட்டம் காலியாகக் கிடக்க, இவளுடைய தாள்கள் மட்டும் நிரம்பி வந்தன. "பர்வீனைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார். எப்படி நிரப்பினாள் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொன்னதில் ஒன்று இரண்டைக் கழித்துப் போடுவது அவளுக்குக் கை பழகிப்போயிற்று. கூட்டித்தானே சொல்வார்கள்? கூட்டிச் சொல்லாதவர் உலகத்தில் உண்டா?

அறுபத்து இரண்டு தாள் அப்படி நிரம்பியது. அறுபத்து மூன்றாவது தாள் மாடத்தியுடையது.

புதன்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தாள். நாற்பத்து ஆறு வயது, பட்டாசுக் கம்பெனி வேலை. கர்ப்பப்பையில் கட்டி, மாசம் பாதி நாள் உதிரப்போக்கு. புருஷன் ஆண்டிச்சாமி கீழே மரத்தடியில் நின்றுகொண்டார். துணைக்கு வந்தவள் அவருடைய தங்கை பஞ்சம்மாள். அவளும் அதே கம்பெனிதான். மாடத்தி பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசினாள்.

"இந்தக் காத்தாடி சுத்துதா, சுத்துற மாதிரி நடிக்குதா சிஸ்டரு?"

"நடிக்கத்தான் செய்யுது. சம்பளம் பத்தலையாம்" என்றாள் பர்வீன்.

ஆபரேஷனுக்கு உடை மாற்றிவிடும்போது மாடத்தியின் இடது தோளிலிருந்து முதுகின் பாதி வரை தீத்தழும்பைப் பார்த்தாள். தோல் உருகி, சுருங்கி, மெழுகு வழிந்து நின்றது போல இருந்தது. அந்தப் பக்கத்தில் தீத்தழும்பைப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வருஷம் என்றுதான் கேட்பார்கள். பர்வீன் அதையும் கேட்கவில்லை. வேறு நாலு பேருக்கு உடை மாற்ற வேண்டியிருந்தது.

அட்டையை எடுத்து விளக்கினாள். "இது பூஜ்யம், வலியே இல்ல. இது பத்து. உங்க ஆயுசுல பட்டதுலயே பெரிய வலின்னு எது உண்டோ, அதுதான் பத்து. நாளைக்குக் கேப்பேன், எந்த நம்பர்னு சொல்லணும். சரியாக்கா?"

மாடத்தி அட்டையைக் கையில் வாங்கிப் பத்தாம் நம்பர் மூஞ்சியை வெகுநேரம் பார்த்தாள்.

"இத யாரு வரைஞ்சா?"

"யாருக்குத் தெரியும்? சிவகாசியில அச்சடிச்சதுதான்."

"ரொம்ப லேசா வரைஞ்சிருக்காக" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். பதினொன்றுக்கு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கீழே நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஒரு மணிக்குப் பர்வீன் தாளும் பேனாவுமாக வந்தாள்.

"எம்புட்டு இருக்குக்கா?"

மாடத்தி கண்ணைத் திறக்காமல், "நாலு" என்றாள்.

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கை இரண்டும் பக்கவாட்டில் ஒழுங்காகக் கிடந்தன. பக்கத்துக் கட்டில்காரி ஐந்து நாளைக்கு முன்பு இதே ஆபரேஷனுக்கு எட்டு என்று அலறி ஆறுக்கு இறங்கியவள். இது நாலா? நாலு என்று எழுதினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். கீழே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.

"மூணு போட்டுக்கவாக்கா?"

"போட்டுக்க தாயி."

அவ்வளவுதான். மறுபேச்சு இல்லை. பர்வீனுக்கு உள்ளே எங்கேயோ ஒரு சிறு நெருடல். பேரம் பேசாமல் இறங்குகிறவனைக் கண்டால் அத்தா மூட்டையை இன்னொரு தரம் குத்திப் பார்ப்பார். "ஒண்ணு அவன் நம்மள ஏமாத்துறான், இல்ல அவனுக்கு எதுத்துப் பேசிப் பழக்கமில்ல. ரெண்டுல எதுன்னு தெரியாம கை நீட்டாத" என்பார். ஆனால் நெருடல் ஒரு நொடிதான். அடுத்த கட்டிலில் சொட்டு மருந்து தீர்ந்து பாட்டில் காலியாகியிருந்தது. கட்டத்தில் மூன்று என்று எழுதிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மறுபடி வந்தாள். மாடத்தியின் நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை பூத்திருந்தது. பஞ்சம்மாள் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். நாடி நூற்றியெட்டு. பிரஷர் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கீழே.

"இப்ப எம்புட்டுக்கா?"

"நாலுதேன்... கொஞ்சம் கூட." அவள் நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "தண்ணி தருவீகளா?"

"இப்பக் கூடாதுக்கா, நனைச்சு விடுறேன்." பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபடியே, "அதே மூணுதான?" என்றாள்.

மாடத்தி தலையை அசைத்தாள். ஆமாம் என்றா, தெரியாது என்றா, எப்படியும் எழுதிக்கொள் என்றா? பர்வீன் முதலாவதை எடுத்துக்கொண்டாள்.

ஆனாலும் நாடி மனதை உறுத்தியது. கீழே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மேடம், மாடத்தி. பல்ஸ் நூத்தியெட்டு. கொஞ்சம் வேர்க்குது."

"வலி எவ்வளவு?"

"மூணு."

"ஒரு மணிக்கு?"

"அப்பவும் மூணுதான்."

போனில் பின்னால் ஏதோ குழந்தை அழுதது. "வலி ஏறலைன்னா உள்ள ஒண்ணும் இருக்காது. டிரிப்பை வேகமா ஓட விடு. அரை மணி கழிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

வேகமாக ஓட விட்டாள். வார்டுக்கு மத்தியானத் தூக்கம் வந்திருந்தது. துணைக்கு வந்தவர்கள் கட்டில் காலில் தலைசாய்த்திருந்தார்கள். பஞ்சம்மாள் மட்டும் விசிறுவதை நிறுத்தவில்லை.

"சிஸ்டரு, ஒண்ணு கேக்கவா? அந்தத் தாள்ல எங்க மதினிக்கு என்ன நம்பரு எழுதியிருக்கீக?"

"மூணு."

"அவ நாலுன்னுல்ல சொன்னா?"

"எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாகம்மா. ஒண்ணு கொறச்சுப் போடுறதுதான்."

பஞ்சம்மாள் விசிறியை மடியில் வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தாள் பர்வீன். அவள் சிரித்தாள், சிரிப்பு மாதிரி ஒன்று. "நீங்களுமா? எங்க கம்பெனியில போர்மேனும் இதேதேன். இருவது வருசமா நாங்க சுத்துன வெடியோட எண்ணிக்கைய எவனும் அப்பிடியே எழுதுனதில்ல. கழிவுன்னு ரெண்டக் கொறச்சுத்தேன் எழுதுவான். நாங்களாச்சும் கத்துவோம், ஏலே எடுபட்ட பயலே, எண்ணிப் பாருலேன்னு. எங்க மதினி வாயே தொறக்க மாட்டா. கொறச்சுத்தேன் எழுதுவாகன்னு அவளுக்குப் பழகிப்போச்சு."

பர்வீன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினாள்.

"வலின்னு அவ வாயால சொல்லி நான் இதுக்கு முன்ன கேட்டதே இல்ல தாயி. கொல்லையில வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சப்ப, ஒடிஞ்ச கையோட ஒலையில அரிசியப் போட்டுட்டுத்தேன் வந்தா. நாலுன்னு ஒரு நம்பரு அவ சொன்னதே எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. அவ பத்து எது தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது.

"அவ முதுகப் பாத்தீகள்ல?"

பார்த்தாள்.

"எட்டு வருசம் ஆச்சு. சினேகான்னு ஒத்தப் பொண்ணு. காலேசு லீவுன்னு ரெண்டு வாரத்துக்கு மருந்து அடைக்க வந்துச்சு. வேண்டாம் வேண்டாம்னு மதினி சொன்னா, போனு வாங்கணும்னு புள்ள பேச்சக் கேக்கல. அடுத்த ஷெட்டுலதேன் மதினி இருந்தா. வெடிச் சத்தம் கேட்டதும் நாங்க எல்லாம் வெளிய ஓடுனோம், அவ உள்ள ஓடுனா. தூக்கிட்டு வந்தா. அதுலதேன் அந்த முதுகு."

பஞ்சம்மாள் குரலைத் தணித்துக்கொண்டாள். மாடத்தியின் கண்கள் மூடியே இருந்தன.

"மதுரையில தீக்காய வார்டு. தாயி ஒரு கட்டிலு, மக அடுத்த கட்டிலு. தெனம் காலையில பழைய கட்டப் பிரிச்சு மருந்து போடுவாக. பிரிக்கும்போது உசுரே உரிஞ்சு வரும். ஆம்பளையாளுக வார்டுல கத்துறது நமக்குக் கேக்கும். எங்க மதினி சேலை முந்தியச் சுருட்டி வாயில வச்சுக் கடிச்சுக்கிருவா. ஒரு சத்தம் வராது. ஏன்னு கேட்டேன். 'புள்ள கேட்டா பயந்துரும், அடுத்து அதுக்குத்தான பிரிப்பாக'ன்னா. ஆறு நாளு அப்பிடி இருந்தா. ஏழாம் நாளு புள்ள இல்ல. அதுக்குப் பெறகும் அவளுக்கு ஒரு மாசம் பிரிச்சாக. அப்பவும் அவ கத்தல. பக்கத்துக் கட்டிலப் பாத்துக்கிட்டே கெடப்பா." மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "நேத்து நீங்க அட்டையக் காட்டிட்டுப் போனதும் எங்கிட்ட சொன்னா. 'பத்து எம்மவளோடது பஞ்சு. நமக்கெல்லாம் அதுக்குக் கீழ எங்கிட்டோதேன்'னு."

பர்வீன் எழுந்து நின்றுவிட்டாள். அந்தக் கோலில் நாலு. மற்றவர்களுடைய கோலில் அது எங்கே இருக்கும்? பஜாரில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு படி உண்டு, ஒரு கடைப் படியால் அளந்ததை இன்னொரு கடைக் கணக்கில் எழுதினால் குடி முழுகிப்போகும் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

போர்வையை விலக்கி வயிற்றில் கை வைத்தாள். பலகையாக இருந்தது. கை பட்டதும் மாடத்தியின் கால் கட்டைவிரல்கள் மட்டும் மடங்கின. முகம் அசையவில்லை. மூத்திரப் பையில் ஒரு மணி நேரமாக ஒரு சொட்டு ஏறவில்லை. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள், வெள்ளைக் காகிதம். நாடி நூற்று முப்பதில் நூலாக ஓடியது.

போன் போடவில்லை. படியில் இறங்கி ஓடினாள். கீழே டோக்கனோடு காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"மேடம், நாலு. அவ நாலுன்னுதான் சொன்னா, ரெண்டு தடவையும். நான்தான் மூணுன்னு எழுதினேன். வயிறு கல்லா இருக்கு."

டாக்டர் பிரீத்திகா ஸ்டெதாஸ்கோப் மேசையிலேயே கிடக்க, செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

இரண்டாவது தடவை வயிற்றைத் திறக்க ஆண்டிச்சாமியிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. மரத்தடியிலிருந்து வந்தார். இறுக்கமாக மடித்த துண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். தாளை வாங்கி, எங்கே என்று கேட்டு, எழுத்துக் கூட்டிப் போட்டார்.

"பொழைச்சுக்கிருவாளா?"

எத்தனையோ பேருக்குப் பர்வீன் பதில் சொல்லியிருக்கிறாள். "அல்லா மேல பாரத்தப் போடுங்க", "டாக்டர் கைராசிக்காரவுக" என்று கையிருப்பில் பத்துப் பதில் வைத்திருந்தாள். அன்றைக்கு அதில் ஒன்றையும் எடுக்கவில்லை.

"ரத்தம் வேணும். யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள்.

கம்பெனி வேன் ஒன்றில் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கைகளில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து இன்னும் கழுவப்படாமல் மின்னிக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு ரத்தக் குழாயின் கட்டு நழுவியிருந்தது. ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்குள் தேங்கியிருந்தது. ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "இருக்கா" என்று மட்டும் சொன்னார்.

உடை மாற்றும் அறையில் டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பர்வீன் அந்த அறுபத்து மூன்று தாள்களையும் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"மேடம், இதுல இருக்கிற நம்பர் ஒண்ணும் அவுக சொன்ன நம்பர் இல்ல. நான் பேசி முடிச்ச நம்பர்."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"என்ன பேசி முடிச்ச? நீ என்ன உளுந்தா வாங்குன?"

பர்வீன் தலை குனிந்து நின்றாள். வசை வரட்டும் என்றுதான் நின்றாள். வசை முழுதாக வரவில்லை. டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நிரம்பிய கட்டங்கள், அழகான கையெழுத்து, ஏழு, ஆறு, மூன்று, மூன்று.

"இதையெல்லாம் பாத்துட்டு உன்னை மத்தவங்க முன்னால பாராட்டினேன்." தாள்களை அடுக்கி, குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நீ எழுதினது மூணு. அந்த மூணைக் காதால கேட்டுட்டு, மாடி ஏறி வராம கீழேயே உக்காந்திருந்தது நான். அதை யாரு தாள்ல எழுதுறது?"

அன்றிரவே நடந்ததை ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு. மாடத்தி கண் திறந்ததும் ஆண்டிச்சாமியையும் வைத்துக்கொண்டு அவளிடமும் டாக்டர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். "விடுங்க டாக்டரம்மா, எழுதுறவுக எழுதுறதுதான" என்றாள். அந்த மன்னிப்பு பர்வீனின் நெஞ்சில் குத்தூசியாக இறங்கியது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

சனிக்கிழமை காலை. பக்கத்துக் கட்டில்காரி தையல் பிரித்து வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டிலில் விரிப்பை உருவிவிட்டு ரெக்சின் மெத்தையைத் துடைத்துக் காயப்போட்டிருந்தார்கள். பர்வீன் புதுத் தாளும் அட்டையுமாக மாடத்தியின் அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் உட்காருவதில்லை.

"எம்புட்டு இருக்குக்கா?"

"அஞ்சு."

பர்வீன் ஐந்து என்று எழுதினாள்.

மாடத்தி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த பேச்சுக்காக. பேச்சு வரவில்லை.

"கழிக்கலையா?"

"கழிக்கலக்கா."

"காட்டு."

காட்டினாள். மாடத்திக்கு எழுத்து வராது, எண் வரும். பெட்டிமேல் லேபிள் ஒட்டுகிறவளுக்கு எண் தெரியாமல் இருக்குமா? கட்டத்தில் இருந்த ஐந்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆறுன்னு சொன்னா?"

"ஆறுன்னு எழுதுவேன்."

"அப்ப ஆறு."

ஐந்தை அடித்து ஆறு எழுதினாள். டீ வாங்கக் கிளம்பிய பஞ்சம்மாள் நின்று திரும்பிப் பார்த்தாள். "அடி ஆத்தி, எங்க மதினியும் பேரம் பேசுதாளே!" என்று சிரிக்கப் போனவள், மாடத்தியின் முகத்தைப் பார்த்து அப்படியே வாயை மூடிக்கொண்டாள். மோவாய் துடித்துக்கொண்டிருந்தது. கீழுதட்டைப் பல் பிடித்திருந்தது.

"ஏழு" என்றாள் மாடத்தி.

ஏழு எழுதினாள். எழுதியதைத் திருப்பிக் காட்டினாள்.

"எட்டு." இது குரலாக வரவில்லை, மூச்சாக வந்தது. கை தானாகப் போய்ச் சேலை முந்தியைத் தேடியது. ஆஸ்பத்திரி உடையில் முந்தி இல்லை. அந்தக் கை அலைவதைப் பார்த்த பர்வீன் அதைப் பிடித்துக்கொண்டாள். மாடத்தி மெல்லக் கழுத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். வெறும் மெத்தை. யாரும் இல்லை. கேட்கவோ பயப்படவோ யாரும் இல்லை.

அதன் பிறகுதான் அவள் வாய் திறந்தது. வார்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வராந்தாவில் நின்றிருந்த ஆண்டிச்சாமி கதவுவரை ஓடிவந்து, உள்ளே வரக் கூடாது என்பதால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு வருஷமாக அந்த வீட்டில் அவர் கேட்காத சத்தம் அது.

"மதினி, வேண்டாம் மதினி, தையலு விட்டுரும்" என்று பஞ்சம்மாள் குனிந்தாள். பர்வீன் ஒரு தலையணையை எடுத்து மாடத்தியின் வயிற்றின் மேல் வைத்து, தையல் அசையாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். "விடாது. நான் பிடிச்சுக்கிறேன். அழுகட்டும்."

எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை. சத்தம் தேய்ந்து விக்கலாகி, விக்கல் மூச்சானது.

"ஒம்பது" என்றாள் மாடத்தி, கண்ணை மூடிக்கொண்டு. "ஒம்பதோட நிறுத்திக்க தாயி."

அட்டை கட்டிலின் விளிம்பில் கிடந்தது. பத்தாம் நம்பர் மூஞ்சியின் மேல் மாடத்தியின் கட்டைவிரல் அழுந்தியிருந்தது, மூடி வைத்தாற்போல. பர்வீன் அதை எடுக்கவில்லை. ஒன்பது என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊசி எடுத்துவர எழுந்தாள்.